ஓய்வுக்காலத்துக்கு அமெரிக்கத் தெற்கு: ஆஷ்வில்லா, கிரீன்வில்லா, ஏதென்ஸா, ஃபேர்ஹோப்பா?

தொண்ணூறுகளில் எச்1பி விசாவில் வந்து நியூஜெர்சி, மிச்சிகன், சிகாகோ பக்கம் குடும்பம் நடத்திய தமிழர்களில் நிறையப் பேர் இப்போது அறுபதைத் தொட்டுவிட்டோம். பிள்ளைகள் படித்து முடித்து வேறு மாநிலங்களுக்குப் போயாயிற்று. நான்கு பேருக்காக வாங்கிய வீட்டில் இரண்டு பேர். சொத்து வரி வருடா வருடம் ஏறுகிறது, வாசலில் விழும் பனியை வாரித் தள்ள முதுகு இடம் கொடுப்பதில்லை. ‘தெற்கே போய்விடலாமா’ என்ற பேச்சு எந்த வீட்டு விருந்துக்குப் போனாலும் காதில் விழுகிறது. ஃப்ளோரிடாவில் கூட்டமும் காப்பீட்டுச் செலவும் பயமுறுத்துகின்றன. டாலஸ், ஹூஸ்டன் மாதிரிப் பெருநகரமும் இனி வேண்டாம் என்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது வானிலை இதமாக இருக்கும் ஒரு சின்ன ஊரில்.

அப்படித் தேடும்போது அடிக்கடி வரும் நான்கு பெயர்கள்: வட கரோலினாவின் ஆஷ்வில், தென் கரோலினாவின் கிரீன்வில், ஜார்ஜியாவின் ஏதென்ஸ், அலபாமாவின் ஃபேர்ஹோப். நானும் என் மனைவியும் இந்த நான்கையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானிலை ஒரு சல்லடைதான். நான்கு ஊர்களும் அதில் ஓரளவு தேறிவிடும். அதற்கு அப்புறம் பார்க்க வேண்டியது, எண்பது வயதில் கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகும் அந்த ஊரில் மருந்து வாங்கவும், மருத்துவரைப் பார்க்கவும், நாலு பேரோடு பேசவும் முடியுமா என்பது. ஊரைத் தேர்ந்தெடுக்கிற அறுபத்திரண்டு வயதுக்காரர் அங்கே வாழப்போகிற எண்பத்திரண்டு வயதுக்காரரையும் மனதில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் வானிலை. இதம் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்லும்போது பெரும்பாலும் குளிர்காலத்தைத்தான் சொல்கிறார்கள். ஜனவரி இரவில் ஆஷ்வில்லில் சராசரியாக 28 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு, அதாவது உறைநிலைக்குக் கீழே இறங்கும். கிரீன்வில்லிலும் ஏதென்ஸிலும் உறைநிலையை ஒட்டி நிற்கும்; பகலில் ஐம்பதைத் தாண்டிவிடும். ஃபேர்ஹோப்பில் ஜனவரி இரவே நாற்பதுக்கு மேல். சிகாகோக்காரருக்கு இவை எல்லாமே வசந்தம்தான். கோடையில் நிலைமை தலைகீழ். ஜூலைப் பகலில் ஆஷ்வில் 85-ஐ ஒட்டி நிற்கும், ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாம். கிரீன்வில், ஏதென்ஸ் இரண்டும் 90-ஐத் தாண்டும். ஃபேர்ஹோப்பிலும் பகல் சூடு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்று இரவிலும் விடாது. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புழுக்கத்தை விளக்க வேண்டியதில்லை, ஜூலை மாத மயிலாப்பூர்தான்.

இங்கே நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு. ஓய்வு பெற்ற தமிழர்களில் பலர் டிசம்பர், ஜனவரியைச் சென்னையிலோ கோவையிலோ கழிக்கிறார்கள். மார்கழிக் கச்சேரி, சொந்தங்களின் கல்யாணம், பல் வைத்தியம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். அப்படியானால் அமெரிக்கக் குளிர்காலத்தின் மோசமான பகுதியில் நீங்கள் இங்கே இருக்கப்போவதே இல்லை. இதமான குளிர்காலத்துக்காக வெக்கையான கோடையை ஏற்றுக்கொள்வது உங்களுக்கு நஷ்டம். உங்கள் ஊர் கோடையில் இதமாக இருக்க வேண்டும். இதை யோசித்துப் பார்த்தாலே பட்டியலின் வரிசை மாறிவிடும்.

ஆனால் பூட்டிப் போட்ட வீடு தெற்கிலும் பாதுகாப்பானதல்ல. இங்கே பல வீடுகளில் தண்ணீர்க் குழாய்கள் தரைக்கு அடியிலுள்ள தாழ்வான வெற்றிடத்தில், சரியான உறை இல்லாமல் ஓடுகின்றன. 2022 கிறிஸ்துமஸுக்கு முன் வந்த கடுங்குளிரில் அட்லாண்டா பக்கமெல்லாம் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கி, ஏகப்பட்ட வீடுகளில் குழாய் வெடித்தது. 2025 ஜனவரியில் ஃபேர்ஹோப்புக்கு எதிர்க்கரையில் உள்ள மொபீல் நகரத்தில் ஏழு அங்குலத்துக்கு மேல் பனி விழுந்தது. ஊருக்குக் கிளம்பும்போது தண்ணீர் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருப்பதை வடித்துவிட்டுப் போகும் பழக்கத்தை வடக்கிலிருந்து வரும்போது விட்டுவிடாதீர்கள்.

ஆஷ்வில் இந்த நான்கில் மிக அழகானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,100 அடிக்கு மேல், ப்ளூ ரிட்ஜ் மலைகளுக்கு நடுவில், ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களோடு இருக்கும் ஊர். அக்டோபரில் மலைச்சாலையில் இலைகள் நிறம் மாறும்போது நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கென்று பல்கலைக்கழகமே வகுப்பு நடத்தும் வழக்கம் இங்கே 1988 முதல் உண்டு. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆஷ்வில் வளாகத்தில் உள்ள ஓஷர் வாழ்நாள் கல்வி மையத்தில் வானியல் முதல் ஓவியம் வரை கற்கலாம். கற்றுக்கொடுப்பவர்களும் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்களே. தனியாக வரும் தம்பதிக்கு நண்பர்கள் கிடைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

2024 செப்டம்பர் 27-க்குப் பிறகு ஆஷ்வில்லைப் பற்றிப் பேசும் தொனியே மாறிவிட்டது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, மலைமேல் இருக்கிறோம், புயல் நம்மை என்ன செய்யும் என்று நம்பியிருந்த ஊரில் ஹெலீன் புயலின் மழை கொட்டித் தீர்த்தது. ஃபிரெஞ்சு பிராட், ஸ்வானனோவா ஆறுகள் கரை மீறி, பில்ட்மோர் வில்லேஜையும் ஆற்றோரக் கலைஞர் வட்டாரத்தையும் மூழ்கடித்தன. மலைச்சரிவுகள் வீடுகளோடு இறங்கின. குடிநீர்க் குழாய்கள் அடித்துச் செல்லப்பட்டு, குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம் என்று அறிவிக்க நவம்பர் 18 ஆயிற்று. இது முதல் தடவையும் அல்ல. 1916 ஜூலையிலும் இதே ஆறுகள் இதே பள்ளத்தாக்கை அழித்திருக்கின்றன.

அதற்காக ஆஷ்வில்லையே ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீடு ஆற்றுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, பின்னால் உள்ள மலைச்சரிவு எவ்வளவு செங்குத்து என்ற இரண்டையும் பார்க்காமல் அங்கே வாங்கக் கூடாது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. அதற்குத் தனிக் காப்பீடு வேண்டும். மலைச்சரிவு இடிந்தால் அந்த வெள்ளக் காப்பீடும் பொதுவாகத் தராது. மருத்துவமனை விஷயமும் உண்டு. மேற்கு வட கரோலினாவுக்கே பெரிய மருத்துவமனை மிஷன் ஒன்றுதான். லாபநோக்கமற்ற அமைப்பாக இருந்த அதை 2019-இல் லாபத்துக்கு மருத்துவமனைகள் நடத்தும் எச்சிஏ நிறுவனம் வாங்கியது. வாங்கும்போது கொடுத்த உறுதிமொழிகளைக் காக்கவில்லை என்று 2023 டிசம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒரே ஒரு பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் அது பிடிக்கவில்லை என்றால் அடுத்த பெரிய மருத்துவமனை ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டிய தூரத்தில் இருக்கிறது. முழங்கால் அறுவைக்குத் தேதி குறித்துப் போகலாம். மாரடைப்புக்கு முடியாது. இன்னொன்று, ஊரே மேடும் பள்ளமும். படிக்கட்டும் செங்குத்தான வாசற்பாதையும் இல்லாத வீடு கிடைப்பது சிரமம்.

ஃபேர்ஹோப் வேறொரு உலகம். மொபீல் விரிகுடாவின் கிழக்குக் கரையில், மேட்டின் மேல், கருவாலி மரங்களும் பூச்செடிகளும் நிறைந்த, இருபதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். 1894-இல் ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதார அறிஞரின் கொள்கையைப் பின்பற்றியவர்கள், நிலத்துக்கு மட்டுமே வரி இருக்க வேண்டும் என்று சோதித்துப் பார்க்க உருவாக்கிய குடியிருப்பு இது. அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை. ஊரின் நடுப்பகுதியில் கணிசமான நிலம் இன்றும் ஃபேர்ஹோப் சிங்கிள் டாக்ஸ் கார்ப்பரேஷனுக்குச் சொந்தம். அங்கே வீடு வாங்கினால் கட்டடம்தான் உங்களுடையது, நிலம் 99 வருடக் குத்தகை. வருடம்தோறும் குத்தகைத் தொகை கட்ட வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, தலைமுறைகளாக நடந்து வருகிற ஏற்பாடு. ஆனால் பத்திரத்தைக் கையில் வைத்திருந்தால்தான் தூக்கம் வரும் என்கிற நம் ஆட்கள் வீட்டைப் பார்க்கப் போகும்போதே ‘நிலம் யாருடையது’ என்று கேட்டுவிட வேண்டும்.

அலபாமாவில் சொத்து வரி நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. அந்த மிச்சத்தைக் காப்பீடு சாப்பிட்டுவிடும். 2020 செப்டம்பரில் சாலி புயல் பக்கத்தில் உள்ள கல்ஃப் ஷோர்ஸில் கரை ஏறியபோது ஃபேர்ஹோப்பும் நன்றாக அடிபட்டது. இந்தக் கரையோரப் பாலிசிகளில் புயல் சேதத்துக்கு நீங்கள் முதலில் கட்ட வேண்டிய பங்கு வீட்டின் காப்பீட்டு மதிப்பில் இத்தனை சதவீதம் என்று வைப்பார்கள். ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு ஐந்து சதவீதம் என்றால் முதல் 25,000 டாலர் உங்கள் கையிலிருந்து. புயலைத் தாங்கும் ஃபார்டிஃபைட் என்ற தரத்தில் கூரை போட்ட வீட்டுக்கு அலபாமாவில் காப்பீட்டுத் தொகையில் தள்ளுபடி உண்டு. அதனால் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். மழையும் கொஞ்சநஞ்சமல்ல. மொபீல் பகுதியில் வருடத்துக்கு 65 அங்குலம் அளவுக்குப் பெய்கிறது. ஊரிலேயே தாமஸ் மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்கு விரிகுடாப் பாலத்தைத் தாண்டி மொபீலுக்கோ, கிழக்கே பென்சகோலாவுக்கோ போக வேண்டும். மாலை வேளையில் கரைக்கு நடந்துபோய்ச் சூரியன் மறைவதைப் பார்ப்பதற்கே வாழ்கிறேன் என்பவர்களுக்கு இது சொர்க்கம். தோசை மாவுக்கும் கோயிலுக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் ஏங்குபவர்களுக்குத் தனிமை.

ஏதென்ஸுக்கு வருகிறேன். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஊர் இது. மக்கள்தொகை சுமார் 1,27,000. ஓய்வுக்காலத்துக்கு இதைப் பரிந்துரைப்பவர்கள் குறைவு. அது நியாயமில்லை என்று நினைக்கிறேன். 62 வயது நிறைந்த ஜார்ஜியாவாசிகளுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் காலியாக இருக்கும் வகுப்புகளில் கல்விக் கட்டணம் கிடையாது. மருத்துவம், சட்டம் போன்ற சில பள்ளிகள் மட்டும் விலக்கு. நாற்பது வருடம் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தவர் வரலாற்றில் பட்டம் வாங்க ஆசைப்பட்டால் இங்கே வாங்கலாம். பீட்மாண்ட் ஏதென்ஸ், செயின்ட் மேரீஸ் என்று இரண்டு மருத்துவமனைகள், இரண்டு வேறு அமைப்புகளைச் சேர்ந்தவை. நகரப் பேருந்துக்கு 2020-இல் கட்டணத்தை நிறுத்தினார்கள்.

அட்லாண்டா எழுபது மைல்தான் என்பது நமக்கு முக்கியம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் ஜான்ஸ் க்ரீக், சுவானி பக்கத்துக்கு ஒரு மணி நேரம். பொங்கல் விழாவுக்குப் போய் அன்று ராத்திரியே திரும்பலாம். அட்லாண்டாவிலிருந்து தோஹாவுக்கு ஒரு விமானம், அங்கிருந்து சென்னைக்கு இன்னொன்று. எழுபத்தைந்து வயதில் மூன்று விமானம் மாறுவதற்கும் இரண்டு விமானம் மாறுவதற்கும் உள்ள வித்தியாசம் முப்பது வயதில் புரியாது.

குறைகளும் உண்டு. மார்ச், ஏப்ரலில் பைன் மரத்து மகரந்தம் காரின் மேல் மஞ்சள் பொடியாகப் படியும். ஆஸ்துமாக்காரர்கள் அந்த மாதத்தில் ஒருமுறை போய் இருந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. இலையுதிர்காலத்தில் பல்கலைக்கழக அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் உள்ளூரில் நடக்கும் சனிக்கிழமைகளில் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் ஸ்டேடியத்துக்கு வருவார்கள். அன்று ஊருக்குள் எங்கேயும் போக முடியாது.

வரியை இந்த இடத்தில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் ஜார்ஜியாவைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர் வரிக்காகத்தான் வருகிறார்கள். நான்கு மாநிலங்களும் மத்திய அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியத்துக்கு வரி போடுவதில்லை, நான்கிலும் மாநில வாரிசுரிமை வரி இல்லை. வித்தியாசம் 401கே, ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலக் கணக்குகளில் உள்ள சேமிப்பை எடுக்கும்போதுதான். ஜார்ஜியாவில் 65 வயதுக்கு மேல் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 65,000 டாலர் வரை ஓய்வு வருமானத்துக்கு மாநில வரி இல்லை. இது தம்பதிக்கு மொத்தமாகக் கொடுக்கும் சலுகை அல்ல, ஆளுக்கு ஆள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். நம் வீடுகளில் சேமிப்பு பெரும்பாலும் ஒருவர் பெயரிலேயே குவிந்திருப்பதால், இரண்டு பேருக்கும் சேர்த்து 1,30,000 என்று போடும் கணக்கு பல வீடுகளில் பலிக்காது. வட கரோலினாவில் இந்தச் சலுகை இல்லை. 2025-இல் எல்லோருக்கும் ஒரே 4.25 சதவீதம். 65-ஐத் தாண்டிய ஒரு தம்பதி, ஆளுக்குப் பாதியாக, வருடத்துக்கு 80,000 டாலரை ஐஆர்ஏவிலிருந்து எடுத்தால், 25,500 டாலர் பொதுக் கழிவு போக மீதிக்கு அந்த 2025 விகிதப்படி சுமார் 2,300 டாலர் வரி வரும். அதே தம்பதி ஜார்ஜியாவில் ஒன்றும் கட்டமாட்டார்கள். 2,300 டாலர் சின்னத் தொகை அல்ல, ஆனால் கோடையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க வேண்டும் என்பவர் அதற்காக ஆஷ்வில்லை விடத் தேவையில்லை. வரியை வைத்து ஊரைத் தீர்மானிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தென் கரோலினா இடையில் வரும். 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஆளுக்கு 15,000 டாலர் வரை கழிவு. கூடவே, மாநிலத்தில் ஒரு வருடம் வசித்த 65 வயதுக்காரரின் வீட்டு மதிப்பில் முதல் 50,000 டாலருக்குச் சொத்து வரி இல்லை. தானே குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 4 சதவீதத்தைத்தான் வரிக் கணக்குக்கு எடுப்பார்கள், மற்ற வீட்டுக்கு 6 சதவீதத்தை. அந்த விலக்குக்கும் 4 சதவீதத்துக்கும் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வீடு வாங்கிய உடனே 4 சதவீதத்துக்கு எழுதிக் கொடுக்காவிட்டால் பில் பெரிதாக வரும்.

என் தேர்வு கிரீன்வில். எழுபதாயிரம் பேர் வாழும் நகரம், சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்தால் பெரிதாகிவிடும். நெசவாலைகள் மூடிய பிறகு சோர்ந்து கிடந்த ஊர் நடுப்பகுதியை அவர்கள் மீட்ட விதம் பார்க்கத் தக்கது. ரீடி ஆற்றின் அருவியை மறைத்துக்கொண்டிருந்த சாலைப் பாலத்தை இடித்துவிட்டு, 2004-இல் லிபர்ட்டி பாலம் என்ற வளைந்த நடைபாலத்தைத் திறந்தார்கள். அருவியைச் சுற்றிப் பூங்கா, அதிலிருந்து மரநிழல் மூடிய மெயின் ஸ்ட்ரீட். பழைய ரயில் பாதை ஸ்வாம்ப் ராபிட் ட்ரெயில் என்ற நடைபாதையாகி டிராவலர்ஸ் ரெஸ்ட் ஊர் வரை போகிறது. அது ரயில் போன வழி என்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊர் நடுவில் ஒரு அடுக்குமாடி வீடு எடுத்தால் மருந்துக் கடை, உணவகம், நூலகம், நாடக அரங்கு எல்லாம் காலால் போகிற தூரம். ஆஷ்வில்லில் அந்த வயதில் நடப்பது மலையேற்றம்.

ப்ரிஸ்மா ஹெல்த், போன் செக்கூர்ஸ் என்று இரண்டு மருத்துவ அமைப்புகள் இங்கே போட்டியில் இருக்கின்றன. ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் ஓஷர் வகுப்புகள் உண்டு. பிஎம்டபிள்யூ 1994 முதல் பக்கத்தில் கார் தயாரிக்கிறது, மிஷலின் டயரின் வட அமெரிக்கத் தலைமையகம் இங்கேதான். அதனால் பொறியாளர்களும், அவர்களோடு இந்தியக் குடும்பங்களும் வந்தார்கள். மால்டினில் இருக்கும் வேதிக் சென்டர் கோயிலுக்கு ஊரிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். கிரீன்வில் வேலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் என்பதை நான் பெரிய பலமாகப் பார்க்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் மட்டும் குடியேறும் இடங்களில் பத்து வருடத்தில் எல்லோரும் ஒன்றாக முதுமை அடைவார்கள், கார் ஓட்டி உதவ ஆள் இருக்காது.

ஜூலை, ஆகஸ்டில் வெயில் கடுமைதான். காலை ஒன்பதுக்குள் நடையை முடித்துவிட வேண்டும். ஆனால் வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் மலை. ஹெலீன் புயலில் கிரீன்வில்லிலும் மரங்கள் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தார்கள். பெரிய மரம் வீட்டின் மேல் சாய்ந்து நிற்பது அழகு என்று வாங்கிவிட வேண்டாம்.

வேறு இரண்டு ஊர்களையும் பார்த்தோம். தென் கரோலினாவின் ஏக்கன் குதிரை வளர்ப்பவர்களின் ஊர். நகருக்குள்ளேயே ஹிட்ச்காக் வுட்ஸ் என்ற 2,100 ஏக்கர் காடு இருக்கிறது. அமைதியென்றால் அப்படி ஓர் அமைதி. எங்களுக்கு ரொம்பச் சின்னது. டென்னஸியின் சட்டனூகாவில் வருமான வரி இல்லை, ஆனால் விற்பனை வரி 9.25 சதவீதம், மளிகைக்கும் குறைந்த விகிதத்தில் உண்டு. 1,80,000 பேர் இருக்கும் அதைச் சின்ன ஊர் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஆற்றங்கரையும் வால்நட் ஸ்ட்ரீட் நடைபாலமும் பிடித்துப்போய் அங்கேயே தங்க நினைத்தால் தவறில்லை.

எந்த ஊரை எடுத்தாலும் இடம் மாறும் முன் மெடிகேரை, அதாவது முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டை, பாருங்கள். அரசே நடத்தும் ஒரிஜினல் மெடிகேர் நாடு முழுக்கச் செல்லும், தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டமோ பொதுவாக அந்தந்த வட்டாரத்துக்குள் கட்டுப்பட்டது. நியூஜெர்சியில் எடுத்த அட்வான்டேஜ் பெரும்பாலும் கிரீன்வில்லுக்கு வராது. அப்படித் திட்டத்தின் எல்லையைத் தாண்டிக் குடிபெயரும்போது, உடல்நிலையைக் கேட்காமல் மெடிகேப் துணைக் காப்பீடு வாங்கும் உரிமை கொஞ்ச காலத்துக்குக் கிடைக்கும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அது மறுக்கப்படலாம். பிள்ளைகள் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்து இந்தியாவிலிருந்து வந்த பெற்றோர் கூடவே இருந்தால் அவர்கள் கணக்கு வேறு: 65 வயதானவர் ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்த பிறகுதான் மெடிகேரைப் பணம் கட்டி வாங்க முடியும்.

அப்புறம், வீடு வாங்கும் முன் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள், அதுவும் அந்த ஊரின் மோசமான மாதத்தில். கிரீன்வில்லுக்கும் ஏதென்ஸுக்கும் ஆகஸ்ட். ஃபேர்ஹோப்புக்குப் புயல் பருவத்தின் உச்சமான செப்டம்பர். ஆஷ்வில்லுக்குப் பிப்ரவரி. அந்த மாதத்தில் ஒரு வாரம் கார் சாவியை எடுக்காமல் இருங்கள். பேருந்திலோ நடந்தோ மளிகைக்குப் போங்கள். புது நோயாளியாக ஒரு இதய மருத்துவரிடம் நேரம் கேட்டுப் பாருங்கள், எத்தனை வாரம் கழித்துத் தேதி தருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் வரும் ஆகஸ்டில் கிரீன்வில்லில் மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரண்டு அறை வீட்டை வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம், லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பார்த்து.